ஐஸ் காருக்கு அம்மோனியா

உப்பு வியாபாரி சங்கரலிங்கம் அண்ணாச்சி எங்கள் ஐஸ் பாக்டரி வாசலில் காரை விட்டு இறங்கியபோது, குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர் போல இருந்தார். சித்திரை வெயில். கார்க் கண்ணாடிகள் எல்லாம் இறுக மூடியிருந்தன. இறக்கினால் காற்று வரும். ஆனால் காருக்குள் குளிர் வரவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். வேர்த்து வடிந்தாலும் கௌரவம் குறையக்கூடாதே.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த சமயம் அது. ஏதோ ஒரு ஜமீன் வீட்டிலிருந்து அண்ணாச்சி வாங்கி வந்த அமெரிக்கக் கார். நாங்கள் அறிந்தவரை, குளிர்சாதனம் வைத்த கார் தூத்துக்குடியில் அது ஒன்றுதான். நான் அப்போது அந்த ஐஸ் பாக்டரியில் கம்ப்ரஸர் பிட்டர். காருக்குள் வைத்த குளிர்சாதனத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் மானேஜரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் மானேஜர்.

"காஸ் போயிருக்கும் அண்ணாச்சி" என்றார், பானட்டைத் திறக்கும் முன்பே. "நம்மகிட்ட அம்மோனியா சிலிண்டர் கிடக்கு. ஏலே ஞானமுத்து, ஏத்தி விடு."

"ஸார், இது வேற காஸுல ஓடுற மிஷின். குழாயெல்லாம் செம்பு. அம்மோனியா அதை அரிச்சிரும். கண்ணாடி மூடின வண்டிக்குள்ள லீக் ஆச்சுன்னா உள்ள இருக்கிறவங்க கதி என்ன ஆகும்?"

"குளிருல என்னலே வேற குளிரு? நம்ம பாக்டரியில ஐஸ் உறையுதுல்லா?"

உறையத்தான் செய்கிறது. ஆனால் பாக்டரி ஐஸ் டாங்குக்குள் யாரும் குடும்பத்தோடு உட்கார்ந்து போவதில்லை.

அண்ணாச்சிக்கு அவசரம். மறுநாள் கொழும்புக் கப்பலில் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். துறைமுகத்திலிருந்து வீடுவரை அவர்களைக் குளிரக் குளிரக் கூட்டிப் போக வேண்டும். பெண்ணைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலையெல்லாம் காரைப் பற்றித்தான்.

மானேஜர் என்னைத் தனியே இழுத்துப் போனார். "நாளைக்குள்ள குளிர் வரலைன்னா நீ இங்கன வேலைக்கு வர வேண்டாம்."

"பாக்குதேன் ஸார். அம்மோனியா மட்டும் ஏத்த மாட்டேன்."

வாய் சொல்லிவிட்டது. ஆனால் என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இன்ஜினை ஓடவிட்டேன். பெல்ட் சுற்றியது; கம்ப்ரஸர் ஓடியது. ரேடியேட்டருக்கு முன்னால், சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸரில் உப்பளத்துப் புழுதி அப்பியிருந்தது. தண்ணீர் அடித்துக் கழுவினேன். அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இட்லியா இருந்தா இந்நேரம் வெந்திருப்பேன்" என்றார்.

அந்தக் காரில் காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருள், நாங்கள் காயில் என்போம், பின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. டிக்கியைத் திறந்தேன். குழாயில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. காஸ் இருக்கிறது, குளிரும் இருக்கிறது. அது வண்டிக்குள்தான் போகவில்லை.

"பாத்தியா, பனி பிடிச்சிருக்கு. காஸ் கம்மி" என்றார் மானேஜர். பாக்டரிக் குழாயில் பனி பிடிக்காவிட்டால் காஸ் கம்மி என்று திட்டுகிறவரும் அவரேதான்.

"பின் சீட்டுல யாரு உக்காருவாங்க, அண்ணாச்சி?"

"வீட்டுல உள்ளவதான். நான் முன்னால இருப்பேன். ரோட்டுல போறவன் பாக்கணும்லா."

அவரையே கேட்டுப் பார்க்க, காரிலேயே அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி பொன்னம்மாள் வாசலுக்கு வந்தார். எவ்வளவு நாளாகக் குளிர் வரவில்லை என்று கேட்டேன்.

"நான் அடைச்ச நாள்ல இருந்து" என்றார், உலையில் அரிசி போட்டதைச் சொல்வது போல. "ஐஸ்கட்டியைப் பிடரியில வச்ச மாதிரி இருக்கு தம்பி. கழுத்தைத் திருப்ப முடியலை. இவுககிட்ட சொன்னா, கவர்னருக்கே இப்படி வண்டி கிடையாதுன்னு சொல்லுதாவ. பழைய சேலையைச் சுருட்டி, சீட்டுக்கு அடியில இருந்த கம்பி ஓட்டையில திணிச்சுட்டேன்."

காற்றை இழுக்கும் வழி அதுதான். காற்று போகாததால் காயில் முழுக்க ஐஸ் கட்டிக் கிடந்தது.

"ஏளா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் அண்ணாச்சி.

"சொன்னேம்லா. நீங்க முன் சீட்டுல இருந்தீய."

சேலையை உருவினேன். இன்ஜினை நிறுத்தி ஐஸ் உருகும்வரை காத்திருந்து மறுபடி ஓட்டினேன். குளிர் வந்தது. என் வேலையும் பிழைத்தது.

மறுநாள் துறைமுகத்துக்கு என்னையும் கூட்டிப் போனார்கள், வழியில் கோளாறு வந்தால் பார்க்க. மாப்பிள்ளையின் தாயார் பின் சீட்டில் உட்கார்ந்தார். கடற்கரை ரோட்டிலேயே முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு, "கண்ணாடியை இறக்கினா கடல் காத்து வருமே" என்றார். பொன்னம்மாள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணாச்சியே கண்ணாடியை இறக்கினார்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்த வாரமே அண்ணாச்சி என்னை அழைத்தார். அந்தக் காரில் கம்ப்ரஸரை நிறுத்த சுவிட்ச் கிடையாது, பெல்ட்டைக் கழற்றத்தான் வேண்டும். "கழட்டிரு. வெளிய மட்டும் சொல்லாத" என்றார். இதற்கிடையில் எங்கள் மானேஜர், காஸ் இருக்கிறது, அடைப்புதான் என்று தாம் முதலிலேயே கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்.

இன்று ஏ.சி. வேலை பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். குழாயில் கை வைக்கும் முன்னால் அந்தக் குளிரில் தினம் உட்காருகிறவரைக் கேளுங்கள். புகார் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் அவராக இருக்க மாட்டார்.