பங்கு போட்ட குளிசைகள்

பூநகரி முன்பள்ளியிலை படிப்பிக்கிற விமலேஸ்வரிக்குப் பதினொரு வருசமா வயித்தெரிவு. "நேரத்துக்குச் சாப்பிடுங்கோ ரீச்சர்" எண்டு புத்தி சொல்லாத ஆள் ஊரிலை இல்லை. அவவும் உறைப்பை விட்டா, தேத்தண்ணியை விட்டா, புளியை விட்டா. எரிவு விட்டபாடில்லை.

இந்த மாசிதான் பெரியாஸ்பத்திரியிலை வாயாலை குழாய் விட்டுப் பார்த்தவை. "இது சாப்பாட்டாலை வந்ததில்லை அம்மா, கிருமி" எண்டார் டொக்டர். "இரைப்பையின்ரை உள்பக்கம் வழுவழுப்பா ஒரு பூச்சு இருக்கு. அமிலம் சுடாமல் காக்கிறது அதுதான். கிருமி அதுக்குள்ளை பூந்திருந்து அதைக் கெடுக்குது. அடியிலை இருக்கிற சவ்வு புண்பட்டுப் புண்பட்டு மெலிஞ்சுபோச்சு. இப்பிடியே விட்டால் புற்றும் வரலாம். பதினாலு நாளுக்குக் குளிசை தாறன், ஒரு நேரமும் விடக்கூடாது. அரைகுறையா விட்டால் கிருமி மருந்துக்குப் பழகீடும்."

வெளியிலை வந்து மர வாங்கிலை குந்தியிருந்தவவுக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு காலமும் ஊராற்றை பேச்செல்லாம் கேட்டது சும்மாவே?

ஏழாம் நாள் எரிவு அடங்கீட்டுது. பக்கத்து வளவிலை இருக்கிற தங்கச்சி தேனுகாவுக்கும் இதே வயித்து வருத்தம். நண்டுக் கொம்பனியிலை நாள்கூலிக்கு நிக்கிறவள் எங்கை ஆஸ்பத்திரிக்குப் போறது? மிச்சக் குளிசையை அவளிட்டைக் குடுத்தா. இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்திலை ஒரு கோப்பைக் கஞ்சியைப் பங்கு போட்டுக் குடிச்ச சகோதரங்கள், இதுக்கு மட்டும் கணக்குப் பார்க்குமே?

ரெண்டு மாசத்தாலை எரிவு திரும்ப வந்துது. சோதிச்சால் கிருமி அப்பிடியே இருக்கு.

"குளிசை முழுக்கப் போட்டனீங்களே?"

"ஓம்" எண்டு பொய் சொன்னா.

"அப்ப அந்த மருந்து இனி உங்களுக்குக் கேளாது. வேறை தாறன். இதுக்கும் கேளாட்டில் பெரிய கரைச்சல்."

பஸ்ஸிலை குலுங்கிக் களைச்சு வந்து இறங்க, படலையடியிலை தேனுகா வயித்தைப் பொத்திக்கொண்டு நிண்டாள்.

"அக்கா, எனக்குத் திரும்பத் தொடங்கீட்டுது. இன்னும் குளிசை இருக்கே?"

விமலேஸ்வரி கைப்பையைக் கக்கத்துக்குள்ளை இறுக்கினா. தங்கச்சிக்கு ஒண்டை இல்லை எண்டு சொல்லுறது இதுதான் முதல் தரம்.

"இருக்கு. ஆனால் தரமாட்டன். அண்டைக்குத் தந்ததுதான் ரெண்டு பேரையும் கெடுத்தது. நாளைக்கு வெளிக்கிடு, நானும் வாறன். டொக்டருக்குச் சொன்ன பொய்யையும் ஒத்துக்கொள்ளோணும்."

"நாளையான் கூலி?"

விமலேஸ்வரி கைப்பையோடை குசினிக்குள்ளை போய்த் தண்ணி வார்த்தா. தேனுகா வாசலிலை நிண்டு பார்த்துக்கொண்டிருக்க, முதல் குளிசையை விழுங்கினா.