அம்மா பெயர் எழுதும் கட்டம்

என் மருமகள் நார்வேக்காரி. பொங்கலை ஒட்டி மகனோடு பாகூருக்கு வருவாள். அந்த மாதத்தில் அவள் ஊரில் பகல் என்பதே பெயருக்குத்தானாம். அதனால் இங்கே வந்ததும் முதல் வேலையாகக் கொல்லைப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிடுவாள். அறுவடை மெஷின் ஊரையே தூசியில் முக்கிக்கொண்டிருக்கும். இவள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தன் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருப்பாள்.

அந்த நாட்டில் பழைய சர்ச் புத்தகங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கங்கள். வீடு வீடாகப் போய் எழுதிய சென்சஸ் தாள்களும் உண்டு. எனக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு குமாஸ்தாவாக வருடக்கணக்கில் குப்பை கொட்டி, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால் வயதானவர்கள் இன்னும் 'எத்தா சிவில்' என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டு வருவார்களே, அந்த மேஜை. கட்டம் போட்ட பக்கத்தைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியுமா? நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் அவர்கள் கிராமங்களில் நிலையான குடும்பப் பெயர் கிடையாதாம். அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்து எழுதுவார்கள். பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அதுவும் மாறிவிடும். மருமகள் இதைப் பெரிய சிக்கலாக விளக்கினாள். நான் மகனிடம் திரும்பி, "இதுல இன்னாடா இருக்குது? நம்ம இனிஷியல்தான. கரியமாணிக்கத்துல பொறந்து இங்க வாக்கப்பட்டவள கரியமாணிக்கத்தாள்னுதான் ஊரே கூப்பிடுது" என்றேன். அவன் மொழிபெயர்த்துச் சொன்னான். அவள் சிரித்துவிட்டு அதையும் குறித்து வைத்துக்கொண்டாள்.

அவளை இரண்டு வருடமாகப் படுத்திக்கொண்டிருந்தது ஒரு விவசாயியின் குடும்பம். கல்யாணப் பதிவில் அவர் மனைவிக்கு ஒரு பெயர். அவருடைய மகளுக்கும் அதே பெயர்தான். அந்த மகளின் வழியில் வந்தவள்தான் என் மருமகள். அம்மா பெயரையே பெண்ணுக்கும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். பிறகு அடக்கப் புத்தகத்தைப் பார்த்தால், மகள் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே அந்த மனைவி இறந்துபோயிருக்கிறாள். ஞானஸ்நானப் பக்கத்தில் அம்மா பெயர் இருக்க வேண்டிய இடம் ஈரம் பட்டுக் கரைந்திருந்தது.

"பாதிரியார் வருடத்தைத் தப்பாக எழுதிவிட்டார், அத்தை" என்றாள். அத்தை என்ற சொல்லை மட்டும் தமிழில் சொல்லுவாள். மற்றதெல்லாம் ஆங்கிலம். என் ஆபீஸ் ஆங்கிலம் அதற்குப் போதும்.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்று பொருந்தவில்லை என்றால் உடனே எழுதினவன் தலையில் போட்டுவிடுகிறார்கள். எத்தனை பேர் என் மேஜைக்கு முன்னால் நின்று இதையே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் குடைந்து பார்த்தால் தப்பு அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

"எழுதினவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். நீ சாவுக்கும் பிறப்புக்கும் நடுவில் கல்யாணப் புத்தகத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

பார்க்கவில்லை. கல்யாணம்தான் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே என்று விட்டிருக்கிறாள். இருவருமாக ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆள் அகப்பட்டார். அதே விவசாயி, அதே பண்ணை, பக்கத்தில் 'மனைவியை இழந்தவர்' என்ற குறிப்பு, புதிதாக ஒரு பெண்ணின் பெயர். மருமகள் உடனே ஊரில் இருக்கும் தன் பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்னாராம்: அந்தக் காலத்து வழக்கம் அது, இரண்டாவதாக வந்தவள் தன் முதல் பெண்ணுக்கு இறந்துபோன மனைவியின் பெயரைத்தான் வைப்பாள்.

மருமகள் என்னைக் கட்டிக்கொண்டாள். "நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டாள். சர்வீஸ் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சந்தோஷத்தில் தன் குடும்ப மரம் முழுவதையும் திறந்து காட்டினாள். ஒரு பக்கம் நார்வே, இன்னொரு பக்கம் நாங்கள். நடுவில் என் மகன். அவனுக்கு மேலே தாய் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. "உங்கள் பக்கம் எனக்குச் சுலபமாக முடிந்தது. பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட், எங்கள் கல்யாணப் பதிவு எல்லாவற்றிலும் ஒரே பெயர்" என்றாள்.

அவனைப் பெற்றவள் நான் இல்லை.

அவன் அம்மா கரியமாணிக்கத்திலிருந்து வாழ வந்தவள். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்குப் பத்து மாதம். மறு வருடம் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். எனக்கென்று பிறகு பிள்ளை பிறக்கவில்லை. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று நான்தான் இடுப்பில் தூக்கி வைத்திருந்தேன். தாயார் பெயர் என்று கேட்டார்கள். என் கணவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு என் பெயரைச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை நாளைக்கு யாரும் துருவித் துருவிக் கேட்கக் கூடாது என்று அவர் நினைத்திருப்பார். நான் அதையெல்லாம் நினைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். பொய்ப் பதிவு என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும்.

மகனுக்கு இது தெரியும். பத்து வயதில் நானே சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மருமகளிடம் சொல்லியிருப்பான் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். தனியாக இழுத்துக் கேட்டேன்.

"அவ கேக்கலமா. நானும் சொல்லல" என்றான்.

"மரத்துல என் பேரு இருக்குதே."

"இருந்தா இன்னா? நீதான எங்கம்மா?"

இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினேன். அவள் தேடுவது ரத்த வழி. உண்மையைச் சொன்னால் கட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். அவன் அப்பாவும் போய் நாலு வருடமாகிறது. நான் அவனுக்கு அம்மா என்று சொல்லக் காகிதம்தான் மிச்சம் என்று தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் விட மனசு வரவில்லை.

பொங்கல் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைப்போம். சுமங்கலியாகப் போனவளை அப்படிக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சொம்பில் தண்ணீர் வைத்துப் பூச்சுற்றி, புதுப் புடவையும் வளையலும் வைத்து, பொங்கல், வடை எல்லாம் இலையில் போட்டுப் படைக்க வேண்டும். படைத்த புடவையை வீட்டுப் பெண் கட்டிக்கொள்ளலாம். அதனால் நிறம் மட்டும் எனக்குப் பிடித்ததாகப் பார்த்து எடுப்பேன். மருமகள் போன இரண்டு தடவையும் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பிவிட்டாள். இந்தத் தடவைதான் லீவு நீண்டது. சொம்பையும் புடவையையும் பார்த்து, "இது யாருக்கு?" என்று கேட்டாள்.

மகன் என் முகத்தைப் பார்த்தான். கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"இவனைப் பெற்ற அம்மாவுக்கு" என்றேன். அப்படியே பள்ளிக்கூடக் கதையையும் சொல்லி முடித்தேன். "என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரை எழுது."

இறந்தது எந்தத் தேதி, அப்போது என்ன வயது என்று மருமகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஊரில் பாதிப் பேரின் பிறப்பும் இறப்பும் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த வருடத்துப் புத்தகம் இத்தனை காலமும் என் முதுகுக்குப் பின்னால் பீரோவில்தான் இருந்தது. ஒருநாள்கூட நான் அதைப் பிரித்ததில்லை. வேலை மும்முரம் என்று சொல்லலாம், ஆனால் காரணம் அதுவல்ல. இவனைப் பெற்றவளை அதில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை மூன்று பேருமாக ஆபீசுக்குப் போனோம். என் இடத்தில் இப்போது இருக்கும் பெண் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பக்கம் பழுத்திருந்தாலும் எழுத்து அழியாமல் இருந்தது. இறந்தவள் பெயர், கணவர் பெயர், காமாலை, தகவல் தந்தவர் கணவர். வயது என்ற இடத்தில் இருபத்தொன்று என்று இருந்தது.

படைக்கும்போதெல்லாம் அவளை அக்கா என்றுதான் வேண்டிக்கொள்வேன். முதலில் வந்தவள் என்பதால் என்னைவிடப் பெரியவள் என்றே மனசில் ஊறிவிட்டது. நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு இருபத்தாறு. காலம் பூராவும் நான் பொறாமைப்பட்டது ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மகன் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தான். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் மனசு லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்ததும் மருமகள் லேப்டாப்பைத் திறந்தாள். தாய் என்ற கட்டத்தில் பெற்றவள் பெயரை எழுதி, நாங்கள் வாங்கிவந்த நகலை ஆதாரமாகச் சேர்த்தாள். பிறகு அதை ஒட்டி இன்னொரு கட்டம் போட்டு என் பெயரை எழுதினாள். அப்படி ஒரு கட்டம் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. என்ன உறவு என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. 'பெற்றவர்' முதலில் இருந்தது. வளர்த்தவர் என்று போடச் சொல்லி நானே விரலால் காட்டினேன்.

அதற்கும் ஆதாரம் கேட்டாள். அவள் அப்படித்தான், ஆதாரம் இல்லாமல் ஒரு கட்டத்தையும் விடமாட்டாள். பள்ளிச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் என்னைத்தான் 'பெற்றவள்' என்கின்றன, அவை உதவாது. வளர்த்தவள் என்று சொல்லும் காகிதம் எந்த ஆபீசிலும் கிடையாது. எனக்குத் தெரியாததா?

"பதிவு இல்லை என்றால் காலியாக விட்டுவிடு" என்றேன்.

ஊஞ்சலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் எழுந்து வந்தான்.

"என் பேரப் போடு" என்றான். பிறகு அவளுக்காக ஆங்கிலத்தில் ஒரு தரம் சொன்னான். என்னிடம், "நான்தானமா கூட இருந்தேன்? வேற யாரக் கேக்கப் போறாங்க?" என்றான்.

தகவல் தந்தவர் மகன் என்று மருமகள் அடித்து முடித்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.