கரகரத்த குழாய்

தென்னூரில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். அறுபதுகளில் ஒருநாள், பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றை விலை பேச மண்ணச்சநல்லூர் போனேன். அதை வைத்துத் திருவிழாக்களில் அறிவிப்பு செய்தவர் இறந்துபோயிருந்தார். அவர் மனைவிதான் விற்றார்.

“உள்ளே சத்தம் வர்ற யூனிட் தேஞ்சிருக்குங்க. யார் பேசினாலும் ஒரே கரகரப்புதான்,” என்று விலையைக் குறைத்தேன். அவர் நம்பவில்லை. உடனே ஆம்ப்ளிஃபயரை மாட்டி, “ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்றேன்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. “வந்துட்டியாப்பா? சாப்பிட்டியா?”

“என் மாமியாருங்க. படுத்த படுக்கை, கண்ணும் தெரியாது. மகன் வெளியூர் போயிருக்கார்னுதான் சொல்லி வச்சிருக்கோம்,” என்று அந்த அம்மா கிசுகிசுத்தார். “ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

“சாப்பிட்டேம்மா.”

குழாயில் வந்தது என் குரலே இல்லை.

கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவந்து, புது யூனிட் போட்டேன். சத்தம் கணீரென்று என் குரலாகவே வந்தது. அதை ஸ்ரீரங்கத்தில் எந்தப் பந்தலில் கட்டினாலும், “மூணு” சொன்னதும் என்னையறியாமல் நிறுத்திவிடுவேன். உதவிக்கு வந்தவர்கள், “என்னண்ணே, லைன் போயிடுச்சா?” என்பார்கள்.

சாப்பிட்டியா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.