வாந்திக்கு எந்த ஊசி நல்லது?

மயக்க மருந்து டாக்டருக்கு ஊரில் பெயர் கிடையாது. தையல் போட்டவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். தூங்க வைத்து எழுப்பியவனை யாரென்றே தெரியாது. நோயாளிக்கு வாந்தி வந்தால் மட்டும் என்னைத் தேடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு அந்த வேலை. ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்திக்கு அதுவரை மெட்டோகுளோபிரமைடு ஊசிதான். அப்போது ஆன்டான்செட்ரான் என்ற ஊசி புதிதாக வந்திருந்தது. எது நன்றாகக் கேட்கிறது என்று பார்த்துவிட எனக்கு ஆசை. ஒருவருக்குப் பழையது, அடுத்தவருக்குப் புதியது என்று மாற்றி மாற்றிப் போட்டு வந்தேன்.

ஆபரேஷன் தியேட்டரை அடுத்த ரெக்கவரி அறையில் புதிய ஊசிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். வார்டுக்குப் போய், சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்ததும் பார்த்தால் அவர்களுக்கும் வாந்தி. சில நாள் பழைய ஊசிக்காரர்களைவிட அதிகம். சீஃப் சர்ஜன் என்னை ஓட்டித் தள்ளிவிட்டார்.

“என்ன வே, உம்ம புது மருந்து வார்டு வாசல் வரைக்கும்தான் வேலை செய்யுமோ? நாளைக்கு முக்கூடல் செல்லம்மாளுக்கு ஹெர்னியா. ஏற்கெனவே போட்ட தையல் விட்டுப்போயி ரெண்டாந்தரம் வாரா. வாந்தி எடுத்து முக்குனா இதுவும் பிரிஞ்சிரும். பாத்துக்கிடும்.”

மறுநாள் செல்லம்மாளுக்குப் புதிய ஊசியையே போட்டேன். சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் நானே வார்டுக்குப் போனேன்.

செல்லம்மாளின் கணவர் சுடலைமுத்து அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரைப் புகட்டப் போனார். பக்கத்துக் கட்டில் பெண்ணின் தம்பி யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணுக்குப் பழைய ஊசி.

“எங்க அக்கா மத்தியானமே வாந்தி எடுத்துட்டா. மயக்க மருந்து பூரா வெளிய வந்துட்டு. ஒங்க வீட்டுல இன்னும் எடுக்கலியே அண்ணாச்சி! பைய குடுங்க, வந்துரும்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு கட்டிலில் வாந்தி வந்ததும், வராத கட்டில்காரர்களின் வீட்டார் பயந்துபோய், வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினேன். “என்ன வே செய்யுதீரு? தையல் பிரிஞ்சிரும்! வாந்தி வரக்கூடாதுன்னுதான் ஊசியே போட்டிருக்கேன்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “வெளிய வர வேண்டிய விசத்த எதுக்கு சார் தடுத்தீய?” என்றார். அழாத குறை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மயக்க மருந்து வயித்துக்குள்ள போகல அண்ணாச்சி. மூச்சுல போச்சு, மூச்சுலதான் வெளிய வரும். வேணும்னா அவங்க மூச்ச மோந்து பாரும்” என்றேன். மூச்சில் கொடுக்கும் ஹாலோத்தேன் மயக்க மருந்தின் வாடை சில மணி நேரம் லேசாக இருக்கும்.

குனிந்து மோந்தார். “ஆமா சார், இனிச்ச வாடை அடிக்கி!”

அதோடு விட்டாரா? நிமிஷத்துக்கு ஒருதரம் குனிந்து மோந்துகொண்டே இருந்தார். செல்லம்மாள் கண்ணைத் திறந்தாள். “என்னத்துக்கு இப்படி மூஞ்சிகிட்டயே வாரீய? ஊரே பாக்குது!”

வார்டே சிரித்தது. அவளும் சிரிக்கத் தொடங்கினாள். “சிரிக்காதம்மா, தையல்!” என்று கத்தினேன்.

தையல் பிடித்துக்கொண்டது. அதன்பின் ஆபரேஷனுக்கு முன்பே வீட்டாரைக் கூப்பிட்டு, வாந்தி வராவிட்டால் சந்தோஷப்படுங்கள் என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் புதிய ஊசி ஜெயித்தது. இரண்டு மருந்தை ஒப்பிடக் கிளம்பும் இளம் டாக்டர்கள், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எதைக் கண்டு பயம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சுடலைமுத்து அன்று டம்ளரை எடுத்தது பெண்டாட்டி பிழைக்க வேண்டும் என்றுதான். நான் ஊசியை எடுத்ததும் அதற்குத்தான்.