நகம் பட்ட செவ்வரத்தை

செடி விற்கிறவனுக்கு, அது செத்ததா இல்லையா என்று நாடி பார்க்கும் வேலையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு செடிக்கடையில் இருந்தேன்.

ஊதாப் பூ

எங்கள் தமிழ்ச் சனம் உள்ளே வந்தால் முதலில் கேட்பது செவ்வரத்தை, செம்பருத்தி என்றும் சொல்வார்கள். ஊர்ச் செவ்வரத்தைக்கு இலை பளபளக்கும். லண்டனில் வெளியே வைத்தால் முதல் உறைபனியோடு சரி. குளிர் தாங்குகிற இனம் வேறு. இலை மங்கல், மூன்று மடல்; பூ ஊதா அல்லது வெள்ளை. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி, ஜூன் வரைக்கும் விறகு மாதிரி நிற்கும். இதையெல்லாம் லண்டனின் மறுகோடி ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து வந்த ஒரு அக்காவுக்கு மூச்சுவிடாமல் விளக்கினேன். வெள்ளிக்கிழமைப் பூசைக்குச் சிவப்புத்தான் வேண்டும் என்று நின்றவர், செடியில் தொங்கிய அட்டைப் படத்தின் ஊதாப் பூவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சரி, தாரும் தம்பி. அம்மனும் எங்களோடைதானே இந்தக் குளிருக்கு வந்தவ, விட்டுக்குடுப்பா."

மூன்று பிரேதங்கள்

செத்தால் திருப்பிக் கொண்டுவந்து காசை வாங்கலாம் என்பது கடையின் வாக்கு. அந்த ஏப்ரலில் எங்கள் சனம் மூன்று செடிகளைக் கொண்டுவந்து இறக்கியது. ஒன்றுகூடச் சாகவில்லை, தூக்கத்தில் இருந்தன. மேனேஜர் நம்பவில்லை. மூன்றையும் என் முன்னால் வரிசையாக வைத்தார். மனைவிக்கு அப்போது ஏழு மாதம். மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை.

"உன் ஆட்களிடமிருந்து இன்னொன்று வந்தால், அதோடு நீயும் போகலாம்."

நாடி

மறுநாளே நாலாவது வந்தது. டூட்டிங்கில் இருந்து சிவபாதம் அண்ணை, பேரனுடைய தள்ளுவண்டியில் செடியை இருத்தி, அதற்குக் குரங்குத் தொப்பியும் மாட்டி, ரயிலில் கொண்டுவந்திருந்தார். மேனேஜர் பார்ப்பதற்குள் நகத்தால் பட்டையை மெல்லக் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை. பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, சந்தேகம் வந்தால் கீறிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வாசலில் நின்று திரும்பினார்.

"உயிர் இருக்கெண்டால் ஒரு இலையாவது காட்டலாம்தானே தம்பி. சும்மா நிண்டு ஆக்களைப் பயப்படுத்துது."

குனிய ஏலாத இடம்

ஜூனில் தள்ளுவண்டி மறுபடி வந்தது. செடியில் பட்டையே இல்லை. தினமும் காலையில் அண்ணை கீறுவாராம், மாலையில் அவர் மனைவி. வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த கையோடு, பச்சை காட்டவும் தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். வந்தவர்களும் மரியாதைக்கு ஆளுக்கொரு கீறல் போட்டிருக்கிறார்கள்.

மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். திருப்பித் தரவா வந்தார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அண்ணை குனிய முடியாமல் குனிந்து அடித்தண்டைக் காட்டினார். மண்ணை ஒட்டி இரண்டு இலை.

"திருப்பித் தரவோ? உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? காட்டத்தான் கொண்டந்தனான். எங்கடை ஆக்களுக்குக் குனிய ஏலாத இடமாப் பாத்துத் துளிர்த்திருக்கு."

அதற்குப் பிறகும் பத்து வருடம் அதே கடையில் இருந்தேன். லண்டன் குளிர் கொன்ற செவ்வரத்தையைவிட, உயிர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே எங்கள் சனம் கொன்றதுதான் அதிகம்.