ஹேக்பெரி ஏற்றமும் குன்வோரின் காரும்

குன்வோருக்குத் தன் வலது காலின்மேல் அபார நம்பிக்கை. முப்பது வருடமாக மூன்று தேவாலயங்களில் ஆர்கன் வாசிக்கிறவள். ஆர்கனில் கைக்கு இருக்கிற வேலை காலுக்கும் உண்டு; பெஞ்சுக்கு அடியில் வரிசையாக இருக்கும் கட்டைகளைக் குனிந்து பார்க்காமல் மிதிக்க வேண்டும். அந்தக் காலால்தான் காரையும் ஓட்டுகிறோம் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. யெம்த்லாந்து மாகாணத்தின் வடக்குக் கோடியில், ஏழு மாதம் பனி கிடக்கிற ரோட்டில், இன்னும் பின்சக்கரம் மட்டுமே தள்ளுகிற பழைய நீளக் காரை வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த மறுவருடம் வாங்கியது. பின்பக்கம் கனமாக இருந்தால்தான் சக்கரம் ரோட்டைப் பிடிக்கும் என்று அக்டோபர் பிறந்ததும் டிக்கியில் இரண்டு மூட்டை மணலை ஏற்றிவிடுவாள்.

அவள் கணவன் ஹில்டிங் ஊருக்கெல்லாம் வெந்நீர் அனுப்புகிற கொதிகலன் நிலையத்தில் வேலை பார்த்தான். பத்து நிமிடத் தூரம், மேடு பள்ளம் கிடையாது. அந்தப் பத்து நிமிடத்துக்கு அவன் வைத்திருந்ததோ நாலு சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுவை போகிற, உயரமான புதுக் கார். இதில் இருக்கிற வேடிக்கை இருவர் கண்ணிலும் பல வருடம் படவேயில்லை.

அந்த ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, குன்வோர் ஹேக்பெரிக்குப் போனாள். மூன்றில் சின்ன தேவாலயம் அது. குன்றின் உச்சியில் நிற்கும். கடைசி நானூறு மீட்டர் வீட்டுக் கூரை மாதிரி சரிவு. முந்தின நாள் மழை தூறி, அதன்மேல் குளிர் இறங்கி ரோடு உறைந்திருந்தது. பாதி ஏற்றத்தில் பின்சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. காலை மெதுவாக எடுத்தாள், மெதுவாக வைத்தாள், தெரிந்த வித்தை எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கார் சாவகாசமாகப் பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போய் அடிவாரத்துப் பனிமேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டது.

ஆர்கன் வாசிக்கிற மெல்லிய செருப்பைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தே ஏறினாள். மேலே போதகர் டோருன் காத்திருந்து பார்த்துவிட்டு, வந்திருந்த பதினொரு பேரையும் வைத்துக்கொண்டு தானே முதல் பாட்டை ஆரம்பித்திருந்தாள். எட்டாத சுருதியில் எடுத்துவிட்டதால் மூன்றாம் சரணத்துக்கு வரும்போது கிழவர்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். குன்வோர் ஓசையில்லாமல் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, ஆசுவாசமான சுருதியில் நாலாம் சரணத்தைப் பிடித்தாள். கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது.

விஷயம் ஹில்டிங்கின் காதுக்குக் கடையில் பால் வாங்கும்போதே வந்துவிட்டது.

"அந்தத் தகர டப்பாவ வித்துட்டு என்னோடது மாதிரி ஒண்ணு வாங்கு. எத்தன தடவ சொல்லறது?" என்றான், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"டப்பா என்னய்யா பண்ணுச்சு? மழை பேஞ்சா யார் வண்டியும் வழுக்கத்தான் செய்யும்."

"என்னோடது வழுக்காது."

"உன்னோடது எங்க போகுது வழுக்குறதுக்கு? கொதிகலனுக்கும் வீட்டுக்கும் மாடு மாதிரி நடக்குது."

இப்படியே இரண்டு வாரம். காலைக் காபியில் ஆரம்பிக்கும். படுக்கப் போகும்வரை ஓயாது. ஹில்டிங் கார் விளம்பரங்களைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான். அவள் அவற்றின் பின்பக்கத்தில் பாட்டு எண்களைக் குறித்து வைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவள்தான் ஒரு யோசனை சொன்னாள். "ஏரிக்குப் போலாம். ரெண்டு வண்டியும் வரட்டும். ரெண்டுலயும் இந்த வருஷம் நீ மாட்டுன, பனியப் பிடிக்க ஆணி பதிச்ச அதே டயர்தான. வாயால பேசாம ஓட்டிப் பாத்துருவோம்."

ஜனவரிக் கடைசி சனிக்கிழமை. ஏரி முழங்கால் ஆழத்துக்கு மேல் உறைந்து இறுகிக் கிடந்தது. ஊர்ச் சங்கத்தார் துளை போட்டு அளந்து, பனியைத் தள்ளி, நடுவில் ஒரு பாதை விட்டிருந்தார்கள். குன்வோர் ஒரு சிவப்பு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து வாளிக்கு நேராக பிரேக் பிடிக்க வேண்டும்; எந்தக் கார் சீக்கிரம் நிற்கிறது என்பதுதான் பந்தயம்.

ஹில்டிங் முதலில் வந்தான். அவன் கார் கிளம்பிய வேகத்தைப் பார்த்து அவளுக்கே பொறாமையாக இருந்தது. வாளியருகில் பிரேக் பிடித்தான். கார் நிற்கவில்லை. போனது, போனது, நல்ல தூரம் போய்த்தான் நின்றது. குன்வோர் அந்த இடத்தில் தன் கையுறையைப் போட்டுவிட்டு, தன் காரில் ஏறி அதேபோல் வந்து பிரேக் பிடித்தாள். கையுறையை எட்ட இரண்டடி இருக்கும்போதே நின்றது.

ஹில்டிங் இறங்கி வந்து கையுறையைப் பார்த்தான். "அதெப்படி? என்னோடதுல நாலும் இழுக்குது. அப்ப நாலும் நிக்கணுமே!"

"என்னோடதுலயும் நாலு சக்கரத்துலயும்தான்யா பிரேக் இருக்கு. இழுக்கறதுதான் வேற. நிக்கறது டயர் பாடு."

அவன் தாடையைச் சொறிந்தான். "சரி, உன் வண்டியக் குடு. வளைவுல அது எப்படிக் காலை வாருதுன்னு காட்டறேன்."

குற்றம் கண்டுபிடிக்கப் போனவன் அரைமணி நேரம் திரும்பி வரவில்லை. முதல் வளைவில் பின்பக்கம் வெளியே வீசி, கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. இரண்டாவது வளைவில் அரைச் சுற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பின்பக்கம் நழுவுவதை உட்காரும் இடத்திலேயே உணர்ந்து, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிக் கொடுத்து, காலை இளக்கி, அழகாகச் சறுக்கிக்கொண்டே வளைந்தான். சன்னலை இறக்கிவிட்டு அவன் கத்திச் சிரித்தது கரைவரை கேட்டது. ஐம்பத்தெட்டு வயது மனிதனின் சிரிப்பாக அது இல்லை.

குளிருக்காக குன்வோர் அவன் காரில் ஏறி உட்கார்ந்தாள். சும்மா இருப்பானேன் என்று கரைக்கு ஓட்டினாள். படகு இறக்கும் சரிவு ஒன்று இருந்தது, கண்ணாடி போல உறைந்து. அவள் கார் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. காலை லேசாக வைத்தாள். உறுமலில்லை, சுழற்சியில்லை, கார் படியேறுகிற ஆள் மாதிரி ஏறி மேலே போய் நின்றது. இறங்கினாள். இன்னொரு தடவை ஏறினாள். மேலே எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது, தன் தோள்கள் இரண்டும் தளர்ந்து இறங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. பனிக்காலத்து ரோட்டில் அவை எத்தனை வருடமாகக் காதை ஒட்டி நின்றன என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஹில்டிங் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் ஏறினான். மீசையெல்லாம் பனித்தூள்.

"குன்வோர், அத விக்காத."

"நீதான விக்கச் சொன்ன?"

"சொன்னேன். இப்ப விக்காதங்கறேன்."

பிளாஸ்கைத் திறந்து இருவருக்கும் காபி ஊற்றினாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டுகளை அதில் போட்டாள். பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒண்ணு சொல்லறேன், சிரிக்கக் கூடாது. ஹேக்பெரி முறை வர்ற வாரமெல்லாம், நான் பாட்டு எதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி வானிலையத்தான் பாப்பேன். பத்து வருஷமா. அந்த ஏத்தம்னா அவ்வளவு பயம்."

அவன் சிரிக்கவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிரும்ல."

ஹில்டிங் கோப்பைக்குள் ஊறிய கட்டியை விரலாலேயே எடுத்துத் தின்றான். "கொதிகலனுக்குப் போக எனக்கு எதுக்கு நாலும் இழுக்கற வண்டி?" என்றான், யாரோ வேறொரு ஆளைக் கேட்பதுபோல.

அங்கேயே சாவிகள் கைமாறின. புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மெழுகுவத்தித் திருநாள். குன்வோர் ஹேக்பெரி ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறினாள். இறங்கும்போது மட்டும் பழையபடி ஊர்ந்தே வர வேண்டும் என்பதைத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டாள்; வாளியைத் தாண்டிப் போன தூரத்தை அவள் மறக்கவில்லை. முக்கால் மணி முன்னதாகவே வந்துவிட்டதால் உள்ளே யாருமில்லை. செருப்பை மாற்றிக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல், தனக்குப் பிடித்ததை வாசித்தாள். டோருன் மெழுகுவத்திப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"உனக்கு உடம்பு சரியில்லையா? இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க?" என்றாள் டோருன்.

"புருஷன மாத்தல, காரத்தான் மாத்துனேன்" என்றாள் குன்வோர்.

மே மாதம் ரோடு காய்ந்ததும் தன் காரைத் திருப்பிக் கேட்டாள். ஹில்டிங் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மழை பெய்தால் வழுக்கும், உனக்கெதுக்கு வம்பு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். பிறகு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: பனி விழுந்தால் அவனுக்கு, உருகினால் அவளுக்கு. அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் சமையலறைச் சன்னலில் நின்றுகொண்டு, வெப்பமானியைத் தட்டித் தட்டிப் பார்த்தது ஹில்டிங்தான்.