மூன்று பியூஸ் கட்டைகள்

மாம்பழக்கூழ் ஆலையின் வாசலில் காவலாளி என் பையைக் கவிழ்த்தபோது சட்டைகள், லுங்கி, சோப்பு டப்பா எல்லாம் விழுந்த பிறகு கடைசியாக அது விழுந்து மேசையில் உருண்டது. வெள்ளைப் பீங்கான், இரண்டு முனையிலும் பித்தளை நாக்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

"என்னாங்க இது?"

"பழைய பியூஸ் கட்டைங்க."

"கரண்டு வேல பாப்பீங்களா?"

"இல்லைங்க. எங்க தாத்தாவோட மில்லுல இருந்தது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே போகும்போது ஆலைச் சாமானைத் தூக்கிக்கொண்டு போவதாக யாரும் சொல்லக்கூடாது என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டு உள்ளே விட்டார்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒகேனக்கல்லில் மீன் வறுத்திருக்கிறேன், கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களில் மூட்டை தூக்கியிருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், கல் உடைக்கும் கிரஷரில் நின்றிருக்கிறேன். எந்த இடத்திலும் வேர் விடவில்லை. நடுவில் சில பருவங்கள் மட்டும் அரூர்ப் பக்கம் தாத்தாவின் ஜவ்வரிசி மில்லில் வேலை செய்தேன். பேரன் என்று அவர் எனக்குத் தனியாக எதுவும் தந்ததில்லை. எல்லோருக்கும் கிடைத்த கூலிதான், எல்லோருக்கும் கிடைத்த வசவுதான்.

மரவள்ளிக் கிழங்கை மாட்டு வண்டியில் பிறத்தியார் மில்லுக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். சேலத்தில் ஒரு மில் கைவிட்ட அரவை மிஷினை வாங்கி வந்து, தானே மண் சுமந்து, தானே தொட்டி கட்டி மில்லைத் தொடங்கினார். கிழங்கு ஒரு வினோதமான சரக்கு. பிடுங்கியவுடன் அரைத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் உள்ளே நீலக்கோடு ஓடிக் கருத்துவிடும், மாவு வெளுக்காது. ஆகவே பருவத்தில் மில் நிற்கக்கூடாது. தாத்தா நின்றுகொண்டே சாப்பிடுவார். அவரை அன்பானவர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மில்லையே நிறுத்துவார். அரவை உருளையில் கல் சிக்கிக்கொண்டால் அதன் கீழுள்ள குழிக்குள் ஒரு ஆள் குனிந்து நுழைந்து, கையை மேலே விட்டு நெம்பி எடுக்க வேண்டும். உருளை முழுக்க ரம்பப் பல். இறங்குவதற்கு முன் தாத்தா போர்டிலிருந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, இறங்குகிற ஆளிடமே கொடுத்துவிடுவார். அவன் அவற்றை மடியில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்து, தன் கையாலேயே தாத்தாவின் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை மில் செத்துக் கிடக்கும். வெளியே டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். விவசாயிகள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தம்பி கை போச்சாம், கூலிக்காரி முடி மாட்டிக்கிச்சாம் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். கிழங்குத் தோலைக் காலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் ஆவல. ஆவக்கூடாதுன்னுதான்." பிற்பாடு நான் வேலை செய்த ஊர்களில் எல்லாம், யாருடைய கையோ போன பிறகுதான் சுவரில் எச்சரிக்கைப் பலகை ஏறியது.

சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. தாத்தாவின் இளைய மகன், மில்லின் வரவு செலவும் ஆட்களும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று கடிகாரத்தைப் பார்த்தே தலை நரைத்தவர். அவரும் கெட்டவர் இல்லை. டிராக்டர்க்காரர்களின் வசவு முதலில் அவர் காதில்தான் விழும்.

இன்னொரு நாள் கல் மாட்டியபோது நான் இறங்கினேன். மூன்று கட்டைகளும் என் மடியில் இருந்தன. கைக்கம்பியால் கல் அசையவில்லை. வெளியே வந்து, சாமான் அறையில் பெரிய கடப்பாரையை எடுத்துக்கொண்டு திரும்பவும் குழிக்குள் போனேன். வலது கையை முழங்கை வரை உருளைக்கும் தகட்டுக்கும் நடுவில் விட்டு நெம்பிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் சுவிட்ச் போர்டு. கூழ் போகிற ஓட்டை வழியாக அங்கே பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

"அப்பா, நகருங்க. கரண்டு போற நேரம் ஆச்சு."

"கட்டை வரட்டும்."

"கட்டையத்தான் மாட்டிட்டேனே. புதுசு வாங்கி வச்சிருந்தேன். போர்ட பாருங்க."

என் இடது கை தானாக மடிக்குப் போனது. மூன்று கட்டைகளும் அங்கேதான் இருந்தன. இருந்தும் போர்டில் கட்டை இருந்தது. என் மடியில் இருந்தது வெறும் பீங்கான்.

கத்தினேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் என்ஜினை அணைக்காமல் நின்றது. போர்டு ஓட்டையை ஒட்டி இருந்ததால் அவர்கள் பேச்சு எனக்கு வந்தது, அந்த இரைச்சலில் நிற்பவர்களுக்கு என் குரல் எட்டவில்லை. கையை இழுத்தேன். சட்டைக் கை ரம்பப் பல்லில் மாட்டிக்கொண்டது.

"அவன் வெளிய வந்துட்டான்ப்பா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். சாமான் ரூமுகிட்ட நின்னான்."

"கட்டையக் குடுத்தானா?"

"மறந்துட்டுப் போயிருப்பான். ஊரு சுத்தற பயலுக்கு நெனப்பு இருக்குமா?"

"கட்டை வரலன்னா ஆளும் வரல."

"கையை எடுங்கப்பா!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது: தாத்தா மிஷினை ஓட்டுகிற பச்சைப் பட்டனின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்திருக்கிறார். மகன் அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறார். டிராக்டரிலிருந்து இறங்கி வந்த விவசாயி ஒருவர் நக்கலாகச் சொல்வதும் கேட்டது.

"ஏங்க பெரியவரே, பட்டன அடை காக்கறீங்களா? குஞ்சு பொரிக்கறதுக்குள்ள என் கெழங்கு கருத்துப்போவும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு, அந்தக் கிழவனின் உள்ளங்கை ஒன்றைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. எழுபதைத் தாண்டிய கை. சித்தப்பா வாட்டசாட்டமான ஆள்.

துணி கிழியட்டும், தோல் கிழியட்டும் என்று இழுத்துவிட்டேன். இரண்டும் கிழிந்தன. ரத்தம் ஒழுகக் குழியிலிருந்து வெளியே வந்து, சுவரைச் சுற்றி நடந்து போய் அவர்கள் முன்னால் நின்றேன். தாத்தாவின் கை இன்னும் பட்டன் மேல்தான் இருந்தது. மணிக்கட்டு சிவந்திருந்தது. மடியை அவிழ்த்து மூன்று கட்டைகளையும் அவருடைய மற்றொரு கையில் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை விட்டார்.

சித்தப்பா என் கையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விவசாயி போய் டிராக்டரை அணைத்தார்.

தாத்தா மகனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. புதுக் கட்டைகளைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நொறுக்கினார். பழைய மூன்றையும் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"கல்லு இன்னும் உள்ளதான் கெடக்குது. நீ எறங்கு. இனிமே எப்பவும் நீதான்."

சித்தப்பா அவற்றை மடியில் முடிந்து, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் குழிக்குள் போனார். அவர் வெளியே வரும்வரை தாத்தா போர்டை விட்டு நகரவில்லை. விவசாயியின் கிழங்கு கொஞ்சம் கருத்துத்தான் போனது. தாத்தா அதை நல்ல கிழங்கின் விலைக்கே எடுத்துக்கொண்டார். எனக்கு மஞ்சள் வைத்துக் கட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

அவர் இறந்தபோது நான் லாரியில் இருந்தேன். அடக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். பாடையைத் தூக்குவதற்கு முன் சித்தப்பா மில்லுக்குப் போய்க் கட்டைகளைப் பிடுங்கி வந்து, ஒன்றைத் தாத்தாவின் மடியில் வைத்தார். அதை எடுத்துவிடச் சொன்ன பங்காளியை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மடியை இறுக்கி முடிந்துவிட்டார். இன்னொன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மூன்றாவதை என் கையில் திணித்தார். மில்லில் இப்போது புதுப் போர்டு, பூட்டு சாவி. குழிக்குள் இறங்குகிறவன் கழுத்தில் சாவியை மாட்டிவிடுகிறாராம்.

இந்தக் கூழ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் கொட்டை பிரிக்கிற மிஷின் அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் சின்னப் பையன், நல்ல மாதிரி.

"அண்ணே, ஆஃப் பண்ணிட்டேன். எறங்குங்க."

"சுவிட்ச் சாவிய எங்கிட்ட குடுத்துருங்க தம்பி."

"நான் இங்கியேதான நிக்கறேன்? எங்கியும் போவமாட்டேன்."

"குடுத்தா எறங்கறேன்."

"வெளிய பழ லாரி நிக்குதுண்ணே. எம்மேல நம்பிக்கை இல்லாத ஆளு எனக்கு எதுக்கு?"

அவன் பொய் சொல்லவில்லை. அங்கேயே நின்றிருப்பான். சித்தப்பாவும் பொய் சொல்லவில்லை, என்னை உண்மையாகவே பார்த்தார். இதையெல்லாம் லாரிகள் வரிசையில் நிற்கும்போது ஒருவனுக்கு எப்படிச் சொல்வது? அடுத்து இறங்க வேண்டியவனிடம், "சாவிய வாங்கிட்டு எறங்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். வாசல்வரை நடந்தேன். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் வரவில்லை.

காவலாளி பையைக் கவிழ்த்து நோட்டைப் புரட்டினார். கட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சரியா இருக்குது. கொண்டாந்த கட்டை வந்துருச்சு."

"ஆமாங்க," என்றேன். "ஆளும் வந்துட்டேன்."